வாசலில் ஒரு பசுங்கிளை

அரசர்கள் இட்ட ஆணைகளுள் பெரும்பாலானவை இன்று ஆவணக் காப்பகங்களில் தூசி படிந்து உறங்குகின்றன. மிகச் சிலவே மக்களின் வாசற்படியில் இன்னும் விழித்திருக்கின்றன. ஆஸ்திரியத் தலைநகரான வியன்னாவின் புறத்தே, திராட்சைக் கொடிகள் படர்ந்த குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர்களில், அத்தகைய ஆணை ஒன்றை நம் கண்ணாலேயே காணலாம். ஏட்டில் எழுதப்பட்டதாக அன்று. ஒரு வீட்டின் வாயில்மேல் நீண்ட கழியில் கட்டித் தொங்கவிடப்பட்ட ஊசியிலை மரக்கிளைக் கொத்தாக!

அக்கிளை தொங்கினால், "இவ்வீட்டார் தம் தோட்டத்தில் விளைந்த திராட்சையிலிருந்து தாமே வடித்த இரசம் இங்குக் கிடைக்கும், உள்ளே வந்து அமரலாம்" என்று பொருள். கிளையை எடுத்துவிட்டால் கடை மூடியாயிற்று. பெயர்ப்பலகையும் வேண்டியதில்லை, விளம்பரமும் வேண்டியதில்லை. இத்தகைய வீட்டு உணவகத்தை வியன்னா மக்கள் 'ஹொய்ரிகர்' என்கின்றனர். 'இவ்வாண்டுக்குரியது' என்பது அச்சொல்லின் பொருள். அவ்வாண்டு அறுவடையின் புதிய இரசத்திற்கும், அதனைப் பருகும் இடத்திற்கும் இப்பெயர் ஒன்றே. சட்டமொழியில் இதனைப் 'புஷென்ஷாங்க்' என்பர். கிளைக்கொத்து தொங்கவிட்டு இரசம் வார்க்கும் இடம் என்று அதற்குப் பொருள் கூறலாம்.

சுற்றுலாச் செல்வோர் இளைப்பாறும் எளிய உணவகம் என்று இதனைக் கடந்துவிடலாம். ஆனால் இப்பசுங்கிளைக்குப் பின்னே, உழைப்பவன் தன் விளைபொருளைத் தன் வாசலிலேயே தான் விரும்பும் விலைக்கு விற்கலாமா என்ற பழங்கேள்வி ஒன்று நிற்கிறது. அக்கேள்விக்கு விடை கண்ட வரலாற்றில் பேரரசரும் உண்டு, துறவியரும் உண்டு, நிலக்கிழாரும் உண்டு. திருச்சபையின் பெருமையும் உண்டு. அது தன்னைத்தானே எண்ணிப் பார்க்க வேண்டிய பக்கங்களும் உண்டு.

கொடியும் மடமும்

தானியூப் ஆற்றங்கரையில் திராட்சை வளர்ப்பு உரோமையர் காலத்திலேயே வேரூன்றிவிட்டது. கி.பி. 92-இல் பேரரசர் தொமித்தியன் மாநிலங்களில் திராட்சைத் தோட்டங்கள் பெருகுவதைத் தடுக்க முயன்றார். கி.பி. 276 முதல் 282 வரை ஆண்ட புரோபுஸ் அத்தடையை நீக்கி, படைவீரர்களைக் கொண்டே கொடிகளை நடச் செய்தார் என்பர். இக்காலத்தில் வியன்னா, 'விந்தொபோனா' என்னும் பெயருடைய படைநிலையமாக இருந்தது.

உரோமை அரசு தளர்ந்து, எல்லைப்புற மக்கள் பசியாலும் படையெடுப்புகளாலும் அலைக்கழிந்த ஐந்தாம் நூற்றாண்டில், தானியூப் கரையில் அவர்களுக்கு ஆறுதலாக நின்றவர் புனித செவரின். 482-இல் இறந்த அவருடைய வாழ்க்கை வரலாற்றை, அவருடைய துறவுக் குழுவைச் சேர்ந்த யுஜிப்பியுஸ் 511-ஆம் ஆண்டளவில் எழுதினார். செவரின் தனிமையில் செபிக்க விலகிச் சென்ற இடத்தை அவர் குறிப்பிடும்போது, 'திராட்சைத் தோட்டங்களருகே' என்னும் பொருள்படும் இடப்பெயரையே தருகிறார். வியன்னாவின் சீவரிங், ஹைலிகன்ஷ்டாட் ஆகிய பகுதிகளை இப்புனிதரோடு இணைத்துப் பேசுவது உள்ளூர் மரபு. இன்று கிளைக்கொத்துகள் தொங்கும் தெருக்கள் இவ்விரு பகுதிகளிலும் உள்ளன.

இடைக்காலத்தில் கொடிகளைக் காத்து வளர்த்தவை துறவு மடங்களே. திருப்பலிக்குத் திராட்சை இரசம் தேவை; விருந்தினரை உபசரிக்கவும் தேவை; நீண்ட குளிர்காலம் கொண்ட நாட்டில் அது அன்றாட உணவின் ஒரு பகுதியாகவும் இருந்தது. புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்குநூலின் 40-ஆம் அதிகாரத்தில், துறவிக்கு மது ஏற்றதன்று என்ற கருத்தை மதித்துப் பேசுகிறார். ஆயினும் தம் காலத்துத் துறவியரை அதற்கு இணங்கச் செய்ய இயலாது என்பதை உணர்ந்து, நாளொன்றுக்கு ஒரு 'ஹெமீனா' அளவு போதும் என்று வரையறுக்கிறார். அது ஏறத்தாழக் கால் லிட்டர் என்பது பலருடைய கணிப்பு. இன்றும் வியன்னாவின் புறநகரில் இரசம் கேட்போர் 'ஒரு கால்' என்றே கேட்கின்றனர். கால் லிட்டர் கொள்ளும் கைப்பிடிக் கண்ணாடிக் குவளையில் அது வருகிறது. இவ்விரண்டுக்கும் நேர்த் தொடர்பு உண்டு என்று கூற இயலாது. எனினும் அளவு என்பதை மறவாத ஒரு பண்பாட்டை இரண்டிலும் காண்கிறோம்.

1083-இல் கோட்வைக் மடமும், 1114-இல் புனித லெயோபோல்ட் நிறுவிய குளோஸ்டர்நொய்பர்க் மடமும், 1133-இல் ஹைலிகன்குரொய்ட்ஸ் மடமும் தோன்றின. ஹைலிகன்குரொய்ட்ஸின் சிஸ்தெர்சியத் துறவியர் 1141-இல் கும்போல்ட்ஸ்கிர்ஹன் அருகே தாலெர்ன் என்னுமிடத்தில் தொடங்கிய திராட்சைப் பண்ணை இன்றும் உள்ளது. குளோஸ்டர்நொய்பர்க் மடத்தை அடுத்து 1860-இல் திராட்சை வளர்ப்புக்கென்றே ஒரு கல்விக்கூடம் எழுந்தது. திராட்சைச் சாற்றின் இனிப்பை அளக்க ஆஸ்திரியாவில் இன்றும் பயன்படும் கருவி, அதன் முதல் இயக்குநர் பாபோ உருவாக்கியது. அது அம்மடத்து ஊரின் பெயரையே தாங்கியுள்ளது.

திராட்சைக் குடியானவரின் ஆண்டு, புனிதர்களின் திருநாள்களைச் சுற்றியே சுழன்றது. மே 25, திராட்சையின் காவலரான புனித உர்பானுடைய நாள். நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள். அந்நாளில் புதிய இரசம் அரியணை ஏற, சென்ற ஆண்டின் புதியது 'பழையது' ஆகிவிடும். நவம்பர் 15, புனித லெயோபோல்ட் திருநாள். குளோஸ்டர்நொய்பர்க் மடத்தில், 1704-இல் செய்யப்பட்ட மிகப் பெரிய மரப்பீப்பாயின்மீது ஏறிச் சறுக்கி இறங்கி மக்கள் மகிழ்வர். திசம்பர் 27, நற்செய்தியாளர் புனித யோவான் திருநாள். நச்சுக் கிண்ணம் அவருக்குத் தீங்கு செய்யவில்லை என்ற மரபுக்கதையை நினைந்து கோவிலில் இரசம் மந்திரிக்கப்படும். நிலமும் வழிபாடும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடந்த காலம் அது.

கிளை சொன்ன செய்தி

விற்பனைக்கு அடையாளமாகக் கிளையைத் தொங்கவிடும் வழக்கம் ஆஸ்திரியருக்கே உரியதன்று. நல்ல மதுவுக்கு ஐவிக்கொடி வேண்டியதில்லை என்ற கருத்துடைய பழமொழி இலத்தீனில் உண்டு. மது விற்கும் கடைகளில் ஐவிக்கொடியைத் தொங்கவிடும் வழக்கம் பரவியிருந்ததால்தான் அப்பழமொழி பிறந்தது.

பேரரசர் சார்லிமேன் காலத்தில், 800-ஆம் ஆண்டையொட்டி, அரச பண்ணைகளின் நிருவாகம் பற்றி விதித்தொகுப்பு ஒன்று வெளிவந்தது. திராட்சைத் தோட்டம் உடையோர் குறைந்தது மூன்று அல்லது நான்கு 'திராட்சைக்கொத்து வளையங்கள்' வைத்திருக்க வேண்டும் என்கிறது அதன் 22-ஆம் விதி. இதுவே கிளைக்கடைகளின் தொடக்கம் என்று ஆஸ்திரியரும் செர்மானியரும் பெருமையோடு கூறுவது வழக்கம். ஆனால் குளிர்காலத்திற்கென்று பழக்கொத்துகளை வளையமாகக் கட்டித் தொங்கவிடுவதையே அவ்விதி குறிக்கிறது என்று கொள்ளும் அறிஞரும் உளர். எவ்வாறாயினும், எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் வாழ்ந்த காலத்தில், எழுத்தில்லாமலேயே எல்லார்க்கும் விளங்கிய பலகையாகப் பசுங்கிளை இருந்தது என்பதில் ஐயமில்லை.

அது தாகமுற்றவர்க்கு மட்டுமன்றி வரி கேட்போர்க்கும் விளங்கிற்று. 1359-இல் கோமகன் நான்காம் ருடோல்ஃப், பானங்களின்மீது பத்தில் ஒரு பங்கு வரி விதித்தார். விலையை உயர்த்துவதற்கு மாறாக அளவைச் சுருக்கி அவ்வரி வாங்கப்பட்டது. ஆகவே குடிப்பவன் அதே காசைக் கொடுத்துக் குறைந்த அளவைப் பெற்றான். வரலாற்றில் இத்தகைய நுட்பங்கள் எக்காலத்துக்கும் பொதுவானவை போலும்!

அந்நாளைய வியன்னா திராட்சைக் கொடிகளால் சூழப்பட்ட நகரம். பதினைந்தாம் நூற்றாண்டில் ஓராண்டு இரசம் மிகவும் புளித்துப்போக, அதனைக் கீழே கொட்ட மக்கள் முற்பட்டனராம். கடவுள் தந்த விளைச்சலை வீணாக்கலாகாது என்று மூன்றாம் ஃபிரடெரிக் அதனைப் புனித ஸ்தேவான் பேராலயத்தின் வடகோபுரத்துச் சுண்ணாம்பைக் குழைக்கப் பயன்படுத்தச் சொன்னாராம். இது செவிவழிக் கதையே. எனினும் நகரத்தாரின் உள்ளத்தில் கோவிலும் கொடியும் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதற்கு இக்கதையே சான்று.

1683-இல் துருக்கியப் படை நகரை முற்றுகையிட்டபோது சுற்றிலுமிருந்த தோட்டங்கள் பெரிதும் பாழாயின. அவ்வாண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் கப்புச்சின் துறவி மார்க்கோ தவியானோ திருப்பலி நிறைவேற்ற, போலந்து மன்னர் ஜான் சொபியெஸ்கி படை நடத்தி இறங்கிய காலென்பர்க் குன்றின் சரிவுகளில் கொடிகள் மீண்டும் தளிர்த்தன. முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1983-இல், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அக்குன்றுக்கு வந்தபோதும் அவை காய்த்துக்கொண்டுதான் இருந்தன.

நிலக்கிழாரின் பிடி

திராட்சையை வளர்த்தவன் குடியானவன். ஆனால் அதனை விற்கும் உரிமை எளிதில் அவனுக்குக் கிட்டவில்லை. ஹப்ஸ்பர்க் ஆட்சிப் பகுதிகளில் மாவரைக்கும் ஆலை, மதுக்கூடம் ஆகியவற்றின் உரிமை பல இடங்களில் நிலக்கிழாரிடமே இருந்தது. கிழாருடைய மதுக்கூடத்தில் கிழாருடைய இரசத்தையே விற்க வேண்டும். ஊரார் அதனையே வாங்க வேண்டும். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கும், நிலத்துக்குரிய பிற கடமைகளும் செலுத்தியபின் எஞ்சியதைத் தன் வீட்டு வாசலில் விற்கக் குடியானவன் அனுமதி வேண்டி நின்றான்.

இங்கு ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். கொடிகளைக் காத்து, சரிவுகளைப் படிகளாக்கி, கல்வியும் நுட்பமும் வளர்த்த அதே மடங்கள் நிலக்கிழார்களாகவும் இருந்தன. பத்தில் ஒரு பங்கைப் பெற்றவர்களுள் அவையும் அடங்கும். நற்செய்தியில் நாள் முழுதும் வெயிலில் உழைத்த திராட்சைத் தோட்டத் தொழிலாளரைப் பற்றிப் படித்தவர்கள், தம் தோட்டத்துத் தொழிலாளரை எவ்வளவு நினைந்தனர் என்ற கேள்வி எழாமல் இராது. நல்ல மடாதிபதிகளும் இருந்தனர், கடுமையானவர்களும் இருந்தனர். அமைப்போ, உழைப்பவனைவிட உடையவனுக்கே சாதகமாக இருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பிடி ஓரிடத்தில் தளர்ந்தது. இன்று இத்தாலிக்கும் ஸ்லோவேனியாவுக்கும் இடையே பிரிந்து கிடக்கும் கொரீத்சியா அக்காலத்தில் ஹப்ஸ்பர்க் ஆட்சிக்கு உட்பட்ட சிறு கோமகவை. அங்கே தெல்மெஸ்த்ரி என்னும் பிரபு தம் இரசத்தையே விற்க வேண்டுமென்று கட்டாயப்படுத்தியதாக மக்கள் முறையிட்டனர் என்று ஆஸ்திரிய வரலாறு கூறும். முறையீடு பேரரசர் இரண்டாம் யோசேப்பை எட்டியது. 1784-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் நாள் அவர் சுற்றாணை ஒன்றை வெளியிட்டார்.

அதன் கருத்து மிக எளிது. ஒருவன் தானே விளைவித்த உணவுப்பொருள்களையும், திராட்சை இரசத்தையும், பழச்சாற்று மதுவையும், ஆண்டின் எக்காலத்திலும், தான் விரும்பும் முறையிலும் விலையிலும் விற்கவோ ஊற்றிக் கொடுக்கவோ உரிமையுண்டு. இவ்வளவே ஆணை. கொரீத்சியாவில் எழுந்த முறையீட்டின் பயனை வியன்னாவின் சிற்றூர்களும் பெற்றன. வாசல்களில் கிளைகள் எழுந்தன.

நிலைத்த ஆணையும் நிலையாத ஆணைகளும்

இரண்டாம் யோசேப்பைப் பற்றிக் கத்தோலிக்க வரலாற்றாசிரியர்கள் கலப்பான உணர்வோடுதான் எழுதுவர். தாய் மரியா தெரேசா 1780-இல் இறந்தபின் தனியே ஆளத் தொடங்கிய இவர், பத்தே ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான ஆணைகளை இட்டார். 1781-இல் பிற கிறித்தவ சபையினர்க்கு வழிபாட்டு உரிமை வழங்கினார். அதே ஆண்டில் போகேமியாவில் கொத்தடிமை முறையை ஒழித்தார். ஆனால் 1782 முதல், கல்வி, மருத்துவம் முதலிய பணிகளில் ஈடுபடாத தியான மடங்கள் பயனற்றவை என்று கூறி, நூற்றுக்கணக்கான மடங்களை மூடினார். கவலையுற்ற திருத்தந்தை ஆறாம் பத்திநாதர் 1782 வசந்தத்தில் தாமே வியன்னாவுக்குப் பயணப்பட்டார். மக்கள் திரண்டு அவரை வரவேற்றனர்; பேரரசரோ தம் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை.

கிளைக்கடை ஆணை வெளிவந்த அதே 1784 ஆகஸ்ட் மாதத்தில்தான் அடக்கச் சடங்குகளைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற ஆணையும் வந்தது. இறந்தோரைத் துணிப்பையிலிட்டுப் புதைக்க வேண்டும். சவப்பெட்டி பொதுவில் ஒன்று போதும். அடிப்பலகை திறந்து உடலை இறக்கிவிட்டு, அடுத்தவர்க்கு அதனையே பயன்படுத்தலாம் என்பது அவ்வாணை. மரமும் செலவும் மிச்சம் என்பது பேரரசரின் கணக்கு. மக்களோ தம் தாய் தந்தையரை அவ்வாறு அனுப்ப மறுத்துக் கொதித்தெழுந்தனர். 1785-இன் தொடக்கத்திலேயே அவர் அதனைத் திரும்பப் பெற நேர்ந்தது. 1790 பெப்ருவரி 20-ஆம் நாள் அவர் இறந்தபோது, அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அங்கேரி நாட்டுக்கெனச் செய்த சீர்திருத்தங்களுள் பெரும்பாலானவற்றைக் கைவிட்டிருந்தார். நல்லெண்ணத்தோடு தொடங்கிய யாவும் தோல்வியுற்ற மன்னன் தான் என்று தம் கல்லறைக்கு அவரே வாசகம் சொன்னதாகவும் கூறுவர்.

ஒரே பேரரசர், ஒரே மாதம், இரண்டு ஆணைகள்! ஒன்று சில மாதங்களில் மறைந்தது. மற்றொன்று 240 ஆண்டுகளைக் கடந்தும் வாழ்கிறது. இதன் காரணம் ஆராயத்தக்கது. சவப்பெட்டி ஆணை மக்களின் உள்ளத்தில் புனிதமாக இருந்த ஒன்றைப் பறித்து, அரசின் அறிவை அவ்விடத்தில் திணித்தது. கிளைக்கடை ஆணையோ எதனையும் திணிக்கவில்லை. ஏற்கெனவே மக்களிடம் இருந்த வழக்கத்தின் கழுத்தைப் பிடித்திருந்த கையை விலக்கியது, அவ்வளவே. பிற சபையினர்க்கு வழிபாட்டுரிமை தந்த ஆணையும் இவ்வாறே நிலைத்தது என்பது கருதத்தக்கது. மக்களை மாற்ற முனைந்த சட்டங்கள் தளர்ந்தன. மக்களை வாழவிட்ட சட்டங்கள் வேர்விட்டன.

ஆனால் அவ்வுரிமை முழுமை பெற மேலும் காலம் தேவைப்பட்டது. புரட்சி ஆண்டான 1848-இல், ஹான்ஸ் குட்லிக் என்னும் இளம் உறுப்பினர் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து, செப்டம்பர் 7-ஆம் நாள் சட்டத்தால் நிலக்கிழார்க்குரிய கடமைகள் ஒழிந்தன. குடியானவன் தன் கொடிக்கும் உரியவனானான்.

கிளையைத் தேடிச் செல்வோர்

இன்று வியன்னாவுக்குச் செல்பவர் ஒருவர், பகட்டான உணவகங்களை விட்டு, ஊரார் உண்ணும் எளிய இடத்தை நாடினால், இவ்வரலாறே அவருக்கு வழிகாட்டும். நகரின் எல்லைக்குள்ளேயே ஏறத்தாழ 600 எக்டேர் திராட்சைத் தோட்டங்கள் உள்ளன. உலகின் தலைநகரங்களுள் இது அரிது. 38-ஆம் எண் டிராம் கிரின்சிங்குக்கும், 'டி' டிராம் நுஸ்டோர்ஃபுக்கும், 31-ஆம் எண் டிராம் தானியூபுக்கு அப்பால் ஷ்டாமர்ஸ்டோர்ஃபுக்கும் செல்கின்றன.

முதலில் அறிய வேண்டியது, 'ஹொய்ரிகர்' என்ற பெயர் தாங்கிய யாவும் ஒன்றல்ல என்பது. ஆண்டு முழுதும் திறந்திருந்து, எல்லா உணவும் சமைத்து, வெளியிலிருந்து வாங்கிய மதுவையும் விற்கும் உரிமம் பெற்ற பெரிய உணவகங்களும் அப்பெயரைக் கொண்டுள்ளன. உண்மையான கிளைக்கடை தன் தோட்டத்து விளைவையே விற்கும். சில வாரம் திறந்து, சில வாரம் மூடும். அக்குடும்பம் கொடிகளைக் கவ்வாத்துச் செய்யவும் அறுவடை செய்யவும் போக வேண்டும் அல்லவா? ஆகவே எந்த வீடு எந்நாள்களில் திறந்திருக்கும் என்று ஊரில் பட்டியல் இடுவர். பட்டியல் கையில் இல்லாதவர் தெருவில் நடந்தால் போதும். கிளை தொங்கும் வாயிலைக் காணலாம். அருகில் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக நின்றால் இன்னும் சற்று நடப்பது நலம். குறுகிய வாயில், உள்ளே மரநிழல் படிந்த முற்றம், நீண்ட மரப்பலகை இருக்கைகள், முதியவர்களும் குழந்தைகளுமாக அமர்ந்த குடும்பங்கள் - இவை தெரிந்தால் தேடியது கிடைத்தது.

இருக்கையில் தனியிடம் என்று எதுவும் இல்லை. இடமிருந்தால் முன்பின் அறியாதவர் அருகே, அனுமதி கேட்டு அமர்வதே முறை. உணவை நாமே மேடைக்குச் சென்று எடுத்துவர வேண்டும். இரசம் மட்டும் இருக்கைக்கு வரும். பாலாடைக்கட்டியில் மிளகாய்ப்பொடி கலந்த 'லிப்தவர்' என்னும் பூச்சு, கறுப்பு ரொட்டி, பன்றியிறைச்சித் துண்டுகள், ஊறுகாய் ஆகியவையே நெடுங்கால உணவு. முற்காலத்தில் மக்கள் வீட்டிலிருந்தே உணவைக் கட்டிக்கொண்டு வந்து, இரசத்தை மட்டும் வாங்கினர். பல திராட்சை வகைகளை ஒரே தோட்டத்தில் கலந்து நட்டு, ஒன்றாகவே பறித்துப் பிழிந்த 'கலப்பு நடவு' இரசம் வியன்னாவின் தனிச்சிறப்பு. ஒரு வகை பட்டாலும் மற்றொன்று காக்கும் என்ற குடியானவன் அறிவு அதில் உண்டு. இலையுதிர் காலத்தில், பாதி நொதித்துக் கலங்கிய இளஞ்சாறும் சில வாரங்களுக்குக் கிடைக்கும். வெயில் நாளில் இரசத்தோடு சோடா நீரைக் கலந்து பருகுவோர் பலர்.

இம்முற்றங்களிலேயே ஓர் இசைமரபும் பிறந்தது. யோகான், யோசெஃப் என்னும் ஷ்ராமல் சகோதரர்கள் 1878-இல் தம் வயலின்களோடு ஒரு கித்தாரையும் சேர்த்து இசைக்கத் தொடங்கினர். பின்னர் ஒரு சிறு கிளாரினெட்டும் சேர்ந்தது. அவர்கள் பெயராலேயே அவ்விசை இன்றும் வழங்குகிறது. குடியானவர் முற்றத்து இசையைக் கேட்கப் பிரபுக்களும் வந்தனர். ஒரு காலத்தில் இரசத்தை விற்கத் தடையிட்ட குலத்தார், பிறகு அதே பலகையில் வண்டியோட்டியின் அருகே அமர்ந்தனர் என்பது வரலாற்றின் இனிய திருப்பங்களுள் ஒன்று.

ஒரே ஆணை, பல வாசல்கள்

கிளை வியன்னாவோடு நின்றுவிடவில்லை. தென்கிழக்கே ஸ்டைரியா மாநிலக் குன்றுகளில், குளிர்ந்த இறைச்சியும் பாலாடைக்கட்டியும் மரப்பலகையில் பரப்பித் தரும் கிளைக்கடைகள் உள்ளன. அங்கே சமைத்த சூடான உணவும் பியரும் கிடையா, சட்டமே அவ்வாறு.

ஆணைக்குக் காரணமான கொரீத்சியாவின் அருகிலும், திரியெஸ்தே நகருக்கு மேலுள்ள கார்ஸ்த் பீடபூமியிலும், ஸ்லோவேனிய மொழி பேசும் குடியானவர் இதனை 'ஓஸ்மித்சா' என்கின்றனர். 'ஓசெம்' என்றால் அவர்கள் மொழியில் எட்டு. எட்டு நாள்கள் விற்கும் உரிமையிலிருந்து இப்பெயர் வந்தது என்பர். சாலைச் சந்திப்புகளில் ஐவிக்கொத்தும் சிவப்பு அம்புக்குறியும் வழிகாட்ட, பண்ணை வீட்டை அடைந்தால், தாமே பதப்படுத்திய பன்றித்தொடை, அவித்த முட்டை, சிவந்த 'தெரானோ' இரசம் கிடைக்கும். அம்மண்ணின்மீது எத்தனை எல்லைக்கோடுகள் விழுந்தன! 1918 வரை ஆஸ்திரியா, பின்னர் இத்தாலி, 1947-இல் கொரீத்சியாவே இரண்டாகப் பிளப்பு, 1954-இல் திரியெஸ்தே மீண்டும் இத்தாலியிடம், 1991-இல் ஸ்லோவேனியா தனிநாடு. அரசுகள் மாறின, கொடிகள் மாறின, கொத்து மட்டும் எல்லைக்கு இருபுறமும் தொங்கிற்று. பிளவுண்ட இரு நகரங்களும் 2025-இல் ஒன்றாக ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரமாயின.

செர்மனியிலும் இதற்கு உறவினர் உண்டு. வூர்ட்டம்பெர்க் பகுதியில் கிளைக்குப் பதில் துடைப்பம் தொங்கும். ஆகவே அதனைத் 'துடைப்பக்கடை' என்பர். ஆண்டில் நான்கு மாதத்திற்கு மேல் திறக்கலாகாது, நாற்பது இருக்கைகளுக்கு மேல் போடலாகாது, தன் விளைவையும் எளிய உணவையுமே தரலாம் என்பன அங்குள்ள வரையறைகள். சிறியதாக இருக்கும்வரை அது சுதந்திரமாக இருக்கலாம் என்பதே இவற்றின் உட்பொருள்.

சோதனைகள்

இவ்வழக்கம் சோதனைகளைக் காணாமல் இல்லை. 1870-களில் அமெரிக்காவிலிருந்து வந்த வேர்ப்பூச்சி ஐரோப்பியக் கொடிகளோடு ஆஸ்திரியக் கொடிகளையும் அரித்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டியே தோட்டங்கள் மீண்டன. 1985-இல் மனிதரே பூச்சியாயினர். இரசத்தை இனிப்பும் கனமும் உடையதாகக் காட்ட, சில உற்பத்தியாளர் 'டையெத்திலீன் கிளைக்கால்' என்னும் இரசாயனத்தைக் கலந்தது வெளிப்பட்டது. ஏற்றுமதி சரிந்தது, நேர்மையாக உழைத்த குடும்பங்களும் தலைகுனிந்தன. அவ்வாண்டே கடுமையான சட்டம் வந்தது. பீப்பாய் பீப்பாயாக முகம் அறியாதவர்க்கு அனுப்பும் வணிகத்தில் எளிதாகும் பொய், தன் முற்றத்தில் தன் கையால் ஊற்றி, குடிப்பவன் முகத்தைப் பார்க்க வேண்டியவனுக்கு எளிதன்று. சிறு வாசலின் அறம் எத்தகையது என்பதை அக்களங்கம் எதிர்மறையாக உணர்த்திற்று.

இன்றைய சோதனை வேறு. குன்றுச் சரிவு நிலம் திராட்சைக்கு மதிப்புடையது. வீடு கட்டுவோர்க்கு அதனினும் மதிப்புடையது. பெற்றோரின் கடும் உழைப்பைத் தொடரப் பிள்ளைகள் தயங்குகின்றனர். ஊரார் குறைந்து, வந்து போவோர் பெருகும் தெருக்களில் முற்றம் காட்சிப்பொருளாகும் அபாயமும் உண்டு. 2019-இல் வியன்னாவின் ஹொய்ரிகர் பண்பாடு, ஆஸ்திரிய நாட்டின் தொட்டுணர இயலாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மகிழத்தக்கதே, ஆனால் பட்டியலில் ஏற்றிக் காக்க வேண்டிய நிலை வந்தது என்பதும் எண்ணத்தக்கது.

மது என்றதும் நம் இல்லங்களில் எழும் அச்சம் நியாயமானது. குடி, ஆஸ்திரியக் குடும்பங்களையும் சிதைத்ததுண்டு. அதனைப் புனைந்து போற்றுவதற்கில்லை. ஹொய்ரிகரின் சிறப்பு மதுவில் இல்லை. விளைவித்தவன், விற்பவன், விருந்தோம்புபவன் ஆகிய மூவரும் ஒருவனே என்பதில் இருக்கிறது. ரொட்டியோடும், குழந்தைகளோடும், அயலாரோடும், அளவோடும் அமர்ந்ததால்தான் அவ்விடம் இத்தனை தலைமுறை பிழைத்தது.

பேரரசரின் மாளிகைகள் இன்று அருங்காட்சியகங்கள். அவர் மூடிய மடங்களுள் பல மறைந்தன. எஞ்சியவை இன்றும் கொடி வளர்க்கின்றன. கொரீத்சியாவின் பிரபுவை எவரும் நினைப்பதில்லை. முறையிட்ட குடியானவர்களின் பெயர்களையும் மக்கள் நினைவில் வைத்திருக்கவில்லை. ஆனால் அவர்கள் வாய்திறந்து கேட்டதன் விடை, ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வெட்டப்பட்டு, ஊசியிலை மணத்தோடு வாசலில் தொங்குகிறது. வாடினால் மாற்றிக் கட்டுவது அந்தந்த வீட்டார் பொறுப்பு. உரிமைகளும் அப்படித்தான்.